பார்த்துக்கொள்பவரின் தூக்கமும் சிகிச்சையில் சேரும்

உடம்புக்கு முடியாதவரைப் போய்ப் பார்ப்பது குமரி மாவட்டத்தில் விட்டுக்கொடுக்க முடியாத கடமை. ஆரஞ்சும் ரொட்டியும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு போவோம். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரிப்போம். சாயா கொண்டுவந்து வைக்கும் மகளிடமோ மருமகளிடமோ அந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. கிளம்பும்போது, "நீயும் உடம்பைப் பார்த்துக்கோ மக்களே" என்று ஒரு வார்த்தை சொல்வோம். அன்பாகச் சொல்வதுதான். ஆனால் எந்த நேரத்தில் பார்த்துக்கொள்வது, அந்த நேரத்தில் நோயாளியின் பக்கத்தில் யார் இருப்பது என்று அந்த வார்த்தையில் எதுவும் இல்லை.

பார்த்துக்கொள்பவரின் தூக்கம், முதுகு, அவர் போட வேண்டிய மாத்திரை எல்லாமே நோயாளியின் சிகிச்சையில் சேர்ந்தவை. அவருடைய மனவலிமையை நம்பி மட்டும் அவற்றை விட்டுவிட முடியாது. வீட்டார் உட்கார்ந்து பேசி மணி நேரங்களைப் பங்கிட வேண்டும். இங்கே அது ஏன் நடப்பதில்லை என்று புரிந்துகொள்ள, இந்த மாவட்டத்துக் குடும்பங்கள் எப்படி மாறியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் குமரிக்கு. ஏறத்தாழ 92 சதவீதம். படிப்பு வந்த ஊரில் குடும்பங்களும் சீக்கிரமே சிறிதாகின. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். அவர்களில் ஒருவர் துபாயிலோ குவைத்திலோ, இன்னொருவர் சென்னையிலோ பெங்களூரிலோ. நர்ஸிங் படித்த பெண்கள் வளைகுடாவிலும் இங்கிலாந்திலும் வேறு யாருடைய பெற்றோரையோ பார்த்துக்கொள்கிறார்கள். தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்குப் போகும் ஆண்கள் வாரக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் பொழுது விடியும் முன்னே ரப்பர் பால்வெட்டுக்குக் கிளம்ப வேண்டும். பல பெண்களுக்கு அண்டி ஆபீஸ், அதாவது முந்திரிப்பருப்பு ஆலை, வேலை இருக்கிறது. வீட்டில் பகல் முழுக்க இருக்கக்கூடியவர் என்று எண்ணினால் பெரும்பாலும் ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சுகிறார்.

அதே சமயம் மருத்துவம் நம் எட்டுக்குள் இருக்கிறது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 19ஆம் நூற்றாண்டிலேயே மிஷன் மருத்துவம் வேரூன்றிய நெய்யூர். அதுவும் போதாது என்றால் எழுபது கிலோமீட்டருக்குள் திருவனந்தபுரம். ஒரு தலைமுறைக்கு முன் பக்கவாதத்திலோ தலைக்காயத்திலோ இறந்துபோயிருக்கக்கூடிய பலர் இன்று பிழைத்து வீட்டுக்கு வருகிறார்கள். அது எவ்வளவு பெரிய நன்மை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்தபின் நடப்பதை யாரும் திட்டமிடுவதில்லை. மூக்கில் ட்யூப், கீழே சிறுநீர் வடிக்கும் கதீட்டர் குழாய், கையில் டிஸ்சார்ஜ் சம்மரி. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள்" என்று வாய்மொழியாக ஒரு வரி. ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாற்றி மூன்று நர்ஸ்கள் செய்த வேலை அன்று சாயந்தரமே வீட்டில் ஒருத்தியின் தலையில் வந்து விழுகிறது. அவளுக்கு ஷிப்ட் கிடையாது.

அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரே பக்கமாக நெடுநேரம் படுத்தால் எலும்பு துருத்தும் இடங்களில் ரத்த ஓட்டம் தடைபட்டுப் படுக்கைப்புண் வரும். அதனால் திருப்ப வேண்டும், அது சரியான அறிவுரை. இரவு பத்து மணிக்குத் திருப்பினால் அடுத்தது பன்னிரண்டு, பிறகு இரண்டு, நான்கு. ஒவ்வொரு முறையும் எழுந்து திருப்பி, துணி நனைந்திருந்தால் மாற்றி, மறுபடி படுத்துக் கண் அசர அரை மணி நேரமாவது ஆகும். ஆக, தொடர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அவள் தூங்குவதே இல்லை. ஐந்து மணிக்கு அடுப்படி. ஒரு வாரம் என்றால் யாரும் தாங்கிவிடுவார்கள். மூன்று வருஷம் என்றால்?

உடம்பு அதற்கு விலை கொடுக்கிறது. 1995-ல் அமெரிக்காவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் என்ற உளவியலாளரின் குழு ஒரு சோதனை செய்தது. மறதிநோய் கண்ட உறவினரைப் பார்த்துவந்த 13 பெண்களையும், அப்படிப் பொறுப்பு இல்லாத, அவர்களோடு ஒத்த வயதுடைய 13 பெண்களையும் எடுத்து, எல்லோருக்கும் கையில் ஒரே அளவில் சிறு காயம் ஏற்படுத்தி, அது ஆறுவதைக் கவனித்தார்கள். பார்த்துக்கொள்பவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. நீண்ட மன அழுத்தம் நோய் எதிர்ப்பாற்றல் வேலைசெய்யும் விதத்தையே மாற்றிவிடுகிறது. நான்கு வருஷம் கழித்து, 1999-ல், ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் இருவரும் 66 முதல் 96 வயது வரையுள்ள தம்பதிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு வெளியானது. துணையைப் பார்த்துக்கொள்வதோடு அதன் பாரத்தையும் கடுமையாக உணர்ந்தவர்கள், அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக, நான்கு ஆண்டுகளுக்குள் இறந்தார்கள். பார்த்துக்கொண்டும் அந்தப் பாரம் அழுத்தாதவர்களிடம் இந்தக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பிற்பகுதிதான். பார்த்துக்கொள்வது ஆளைக் கொல்வதில்லை. தனியாக, ஓய்வில்லாமல், கை மாற்றிவிட ஆளில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் உடம்பை அரிக்கிறது. அதை மாற்ற நம்மால் முடியும்.

முதலில் இரவு. ஏர் பெட் என்ற காற்று மெத்தை அல்லது நல்ல தடிமனான ஃபோம் மெத்தை இருந்தால், தோலின் நிலையைப் பார்த்து இரவில் திருப்பும் இடைவெளியை நீட்டலாமா என்று மருத்துவரிடமோ நர்ஸிடமோ கேளுங்கள். நோயாளிக்கு நோயாளி இது மாறும். நான்கு மணி நேரம் வரை நீட்டச் சம்மதிக்கும் மருத்துவர்கள் உண்டு. அப்படிக் கிடைத்தால் பார்ப்பவருக்கு ஒரே மூச்சில் மூன்றரை மணி நேரத் தூக்கம் கிடைக்கும். நீர் பிரியும் மாத்திரை சாயந்தரம் கொடுக்கப்படுகிறதா? அதைக் காலைக்கு மாற்றலாமா என்றும் கேளுங்கள். வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால் இரவை இரண்டாகப் பிரித்து, முதல் பாதி ஒருவர், பின்பாதி ஒருவர். தன் முறை இல்லாதவர் வேறு அறையில், கதவைச் சாத்திப் படுக்க வேண்டும். ஒரே அறையில் படுத்தால் முனகல் கேட்டு இருவருமே எழுந்துவிடுவார்கள். பிரித்தும் பலன் இருக்காது.

அடுத்தது முதுகு. நம் வீட்டுக் கட்டில்கள் தாழ்வானவை. குனிந்து குனிந்தே இடுப்பு போய்விடும். கட்டில் கால்களுக்கு அடியில் ஆடாத மரக்கட்டைகளை வைத்து, பார்ப்பவரின் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். நோயாளி தானாக இறங்கக்கூடியவர் என்றால் உயர்த்தக் கூடாது, விழுந்துவிடுவார். மேலே நகர்த்த அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதை நிறுத்திவிடலாம். பழைய வேட்டியையோ பெட்ஷீட்டையோ நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அவருக்கு அடியில் விரித்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று அந்தத் துணியைப் பிடித்து நகர்த்தினால் பாதி பலம் போதும். தனியாகத் திருப்ப வேண்டுமென்றால், உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்கும் முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தோளிலும் மற்றதை இடுப்பிலும் வைத்து உங்களை நோக்கி உருட்டுங்கள். உட்கார்ந்திருப்பவரை எழுப்பும்போது அவர் பாதம் தரையில் முழுதாகப் பதிந்திருக்க வேண்டும், உடம்பு முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். உங்கள் கழுத்தைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுப்பது அவருடைய தோள் மூட்டையும் கெடுக்கும். இவற்றைப் பிசியோதெரபிஸ்ட் பத்து நிமிஷத்தில் செய்துகாட்டிவிடுவார். டிஸ்சார்ஜுக்கு முந்தின நாளே, பில் கட்டும் அவசரத்துக்கு முன்னால், கேட்டுக் கற்றுக்கொண்டு வர வேண்டும்.

சொந்த மாத்திரை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். மாமிக்கு இன்சுலின் ஒரு வேளையும் தவறாது போடும் மருமகள், தன் தைராய்டு மாத்திரை தீர்ந்து ஒரு மாதம் ஆனதைக் கவனித்திருக்க மாட்டாள். நோயாளிக்கு ரிவ்யூ போகும் அன்றே, அதே ஆஸ்பத்திரியில் தனக்கும் சீட்டு எடுத்துக்கொள்வது ஒரு வழி. தனியாக ஒரு நாள் ஒதுக்கிப் போவது நடக்கிற காரியம் இல்லை.

மனசு பற்றிப் பேசத்தான் நம் ஊரில் அதிகக் கூச்சம். பார்த்துக்கொள்பவருக்குக் கோபம் வரும். மறதிநோய் கண்ட அப்பா ஒரே கேள்வியை இருபதாவது முறை கேட்கும்போது குரல் உயரும். இருட்டத் தொடங்கியதும், "என்னை எங்க வீட்டுக்குக் கொண்டு விடு" என்று அவர் தன் சொந்த வீட்டு வாசலிலேயே நின்று அடம்பிடிக்கும்போது எரிச்சல் வரும். பொழுது சாயும் நேரத்தில் இப்படிக் குழப்பம் கூடுவது அந்த நோயின் இயல்பு. வேண்டுமென்று அவர் செய்வதில்லை. அது தெரிந்திருந்தும் கோபம் வரும். அப்புறம் அழுகை, குற்ற உணர்ச்சி. சில ராத்திரிகளில், "இது எப்போது முடியும்" என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னைப் பாவி என்று நினைத்து, அதைக் குருவானவரிடம்கூடச் சொல்ல முடியாமல் பூட்டி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு உறுதியாகச் சொல்ல விரும்புகிறேன்: முடிவு வேண்டும் என்று மனசு கேட்பது பெரும்பாலும் அந்த வலிக்கும் களைப்புக்கும்தான். அன்பு குறைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. உலகம் முழுக்க இந்த வேலையைச் செய்பவர்களுக்கு அந்த நினைப்பு வருகிறது.

இந்தப் பாரத்தை அளக்க மருத்துவர்கள் ஒரு கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். 1980-ல் ஸ்டீவன் ஸாரிட்டும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கியது, இப்போது பரவலாகப் பயன்படும் வடிவில் 22 கேள்விகள். உங்களுக்கென்று நேரம் இல்லை என்று தோன்றுகிறதா, அவர் பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா, உங்கள் உடம்பு இதனால் கெட்டிருக்கிறதா என்ற மாதிரிக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். அப்படி ஒரு தாள் இருப்பதே பலருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன். தனக்கு மட்டும் வருவதாக நினைத்த கோபம் அதில் ஒரு கேள்வியாகவே அச்சாகியிருக்கிறது. தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது களைப்பைத் தாண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். செத்துப்போகலாம் என்ற எண்ணமோ, நோயாளிக்கு ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயமோ வந்தால் அன்றைக்கே பேசுங்கள். பக்கத்தில் ஒருவரை அழைத்து அவரிடம் பொறுப்பை விட்டுவிட்டு, பிறகு போனை எடுங்கள்.

சரி, பங்கிடுவது எப்படி? 2019-ல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு உறுப்பினர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 134 நிமிஷம் அதற்குச் செலவிடுகிறார்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 76 நிமிஷம். சமையலும் துவைப்பும் இதில் சேராது, அது தனிக் கணக்கு. இந்த வித்தியாசத்தைக் குடும்பப் பண்பாடு என்று சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். மகனுக்கு அம்மையைக் குளிப்பாட்டக் கூச்சமாக இருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தலையணையை மாற்றி வைக்க என்ன கூச்சம்? டாக்டரிடம் கூட்டிப்போவது, மாத்திரை தீரும் முன் வாங்கி வைப்பது, துணி அலசுவது, ஞாயிறு முழுக்கப் பொறுப்பை எடுத்துக்கொள்வது எல்லாமே ஆணும் செய்யக்கூடிய வேலைகள். செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எண்பது வயது மனைவிக்குக் கஞ்சி ஊட்டி, தலை சீவிவிடும் பாட்டாக்கள் நம் ஊர்களில் உண்டு. அவர்களையும் யாரும் நலம் விசாரிப்பதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தினமும் வீடியோ காலில், "அம்மை சாப்பிட்டாவளா? சுகர் பார்த்தியா? ஏன் முகம் வாடியிருக்கு?" என்று கேட்பது உங்களுக்கு அக்கறை. வீட்டில் இருப்பவருக்கு அது தேர்வு எழுதுகிற மாதிரி இருக்கும். பணம் அனுப்புவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பணம் எந்த மணி நேரத்தை விடுவிக்கிறது என்று மட்டும் பாருங்கள். வாரத்தில் இரண்டு இரவாவது வந்து நிற்கும் ஒரு ஹோம் நர்ஸுக்கு அது போனால், அந்த இரண்டு இரவும் வீட்டில் இருப்பவர் தூங்குவார். லீவுக்கு வரும்போது விருந்தாளியாக வராதீர்கள். முதல் இரண்டு நாள் கூடவே நின்று வேலையைக் கற்றுக்கொண்டு, அடுத்த பத்து நாள் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டிருப்பவரை அவருடைய பிறந்த வீட்டுக்கோ வேளாங்கண்ணிக்கோ திருச்செந்தூருக்கோ அனுப்பிவையுங்கள்.

ஹோம் நர்ஸ் வைத்தால், "பெற்ற தாயைப் பார்க்க ஆள் வெச்சிருக்கா" என்று பேச்சு வரும். வரட்டும். அப்படிப் பேசுகிறவர்கள் ராத்திரி இரண்டு மணிக்கு வரப்போவதில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். ஹோம் நர்ஸ் என்று அனுப்பப்படுபவர்களில் பலர் நர்ஸிங் படித்தவர்கள் அல்ல, பணியில் பழகியவர்கள். குளிப்பாட்ட, ஊட்ட, திருப்பிப் படுக்கவைக்க அது போதும். ட்யூப் மாற்றவோ ஊசி போடவோ போதாது. என்ன வேலை, எத்தனை மணி நேரம், அவருக்கு எப்போது ஓய்வு, வாரத்தில் எந்த நாள் லீவு என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அவரும் தூங்க வேண்டிய மனுஷி.

அரசு வழியில் கிடைப்பவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே வலி தணிப்புக் கவனிப்பும் பிசியோதெரபியும் சேர்த்தி. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அந்த ஊழியர் வீட்டுக்கு வரும் நாளில் உங்கள் பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். கடுமையான பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், சம்பளம் வாங்கியோ வாங்காமலோ பார்த்துக்கொள்ளும் பெற்றோரையும் குடும்பத்தாரையும் பராமரிப்பாளர் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதையும் அரசுகளின் பொறுப்பில் சேர்க்கிறது. வீட்டுக்குள் நடக்கும் இந்த உழைப்பை ஒரு சட்டம் பெயர்சொல்லி ஏற்றிருப்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனாலும் அரசும் பணமும் எட்டாத ஓர் இடம் இருக்கிறது. பார்ப்பவர் இரண்டு மணி நேரம் வெளியே போய்வர, அதுவரை நோயாளியின் பக்கத்தில் உட்கார ஒரு ஆள். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1993-ல் கோழிக்கோட்டில் வலி தணிப்புக்கான ஒரு சங்கமாகத் தொடங்கியது, மெல்ல மெல்ல அக்கம்பக்கத்தார் பயிற்சி பெற்று வீடுகளுக்குப் போகும் இயக்கமாக வளர்ந்தது. 2008-ல் மாநில அரசு அதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. உள்ளாட்சிகளும் அதில் கைகோத்தன. அங்கே போகும் தன்னார்வலர்கள் நோயாளியோடு சேர்த்து வீட்டாரையும் விசாரிக்கிறார்கள்.

நம்மிடம் அதற்கான ஆட்கள் இல்லையா? கத்தோலிக்கப் பங்குகளில் வாரம்தோறும் வீடு வீடாகக் கூடும் அன்பியங்கள் இருக்கின்றன. சிஎஸ்ஐ சபைகளில் பெண்கள் ஐக்கியம் இருக்கிறது. அய்யாவழியாரின் வழிபாட்டு இடங்களான நிழல்தாங்கல்கள், ஜமாஅத்துகள், கோவில் கமிட்டிகள், தெருவுக்குத் தெரு மகளிர் சுய உதவிக் குழுக்கள். நோயாளிக்காக ஜெபிக்கவும் பூசை வைக்கவும் ஆள் கூடுகிறது. அந்தக் கூட்டத்திலிருந்து வாரம் இருவர், இரண்டு மணி நேரம், ஒரு வீட்டில் உட்கார முடிந்தால் போதும். முதல் முறை பார்ப்பவரும் கூடவே இருந்து, தண்ணீர் எப்படிக் கொடுப்பது, புரையேறினால் என்ன செய்வது, யாருக்குப் போன் செய்வது என்று காட்டிவிட வேண்டும். உட்காருபவர் மருத்துவ வேலை எதுவும் செய்ய வேண்டாம்.

உதவி கேட்கத் தெரிவதும் பழக வேண்டிய ஒன்று. "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பவரிடம் நாம் வழக்கமாக, "ஒண்ணும் வேண்டாம் மயினி" என்றுவிடுவோம். அடுத்த முறை, "வியாழக்கிழமை நாலு மணியிலிருந்து ஆறு வரை நீங்க வந்து இருங்க, நான் டாக்டரைப் பார்க்கப் போகணும்" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். நாளும் நேரமும் சொல்லிக் கேட்டால் வருகிறார்கள். பொதுவாகக் கேட்டால் யாரும் வருவதில்லை, அவர்கள் மனசில் அன்பு இல்லாததால் அல்ல, எப்போது வருவது என்று தெரியாததால். போய்விட்டு வரும் அந்த இரண்டு மணி நேரத்தில் கடைக்கும் பேங்குக்கும் மட்டுமே ஓடாதீர்கள். கடற்கரையில் உட்காருங்கள், கூட்டுக்காரியைப் பாருங்கள், பகலில் அம்மா வீட்டில் போய்த் தூங்கினாலும் நல்லது.

இது ஒரு நாள் முடியும். அடக்கமும் காரியங்களும் முடிந்து ஆட்கள் கலைந்தபின், பல வருஷம் அலாரம் வைக்காமலே ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்த உடம்பு அதன்பிறகும் எழும். துக்கத்தோடு ஒரு நிம்மதியும் வரும், அந்த நிம்மதிக்காக வெட்கமும் வரும். இந்தச் சமயத்தில்தான் பார்த்துக்கொண்டவர் நோயில் விழுவதும் நடக்கிறது. அதனால் நாற்பது நாளுக்குள் வீட்டார் யாராவது ஒருவர் அவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். பிரஷர், சுகர், ரத்த அளவு பார்க்க வேண்டும். அதோடு, "அம்மைக்கு முதல்ல சரியாகட்டும்" என்று அவர் தள்ளிப்போட்ட கண் ஆபரேஷன், கர்ப்பப்பை ஸ்கேன், மார்பில் தட்டுப்பட்ட கட்டி என்று எது இருந்தாலும், அவர் தானாகச் சொல்லமாட்டார், கேட்டு வாங்கி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஏர் பெட்டையும் வீல்சேரையும் பரணில் ஏற்றாமல், பக்கத்து ஊரில் இன்றைக்கு டிஸ்சார்ஜ் ஆகி வரும் வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். கொண்டுபோகும்போது மரக்கட்டைகளையும் எடுத்துப்போங்கள், கட்டிலை எந்த உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்று அங்கே பார்த்துக்கொள்ளப்போகிறவருக்குக் காட்டிக்கொடுங்கள்.